உண்டியலில் போட்ட குளிசைகள்

கடவுள் எங்கள் பகுதியில் சிலருக்கு நல்ல குரலைக் கொடுத்தார், சிலருக்கு நீச்சலைக் கொடுத்தார். என் முறை வந்தபோது கையில் மிஞ்சியிருந்தது காது போலிருக்கிறது. அதைத் தந்துவிட்டார். வள்ளங்களுக்குப் பூட்டும் எஞ்சின்களைத் திருத்துவது என் தொழில். உப்புக்குளத்தைத் தாண்டிக் கடற்கரைக்குத் திரும்பும் மூலையில் தகரம் வேய்ந்த கராஜ், அதன் வேலிக்குப் பின்னால் வீடு. எஞ்சினின் தலையில் ஸ்குரூ டிரைவரின் நுனியை ஊன்றி, பிடியைக் காதில் வைத்தால் போதும். உள்ளே எது தேய்கிறது, எது இன்னும் இரண்டு கிழமையில் உடையும் என்று சொல்லிவிடுவேன்.

அதே காதுதான் ஒருமுறை என்னை நடுத்தெருவில் நிறுத்தியது.

அப்போது எனக்கு முப்பது வயது. கலியாணம் முடிந்து ஏழு மாதம். போர்க்காலம், கடலுக்குப் போகவும் பாஸ் எடுக்கவேண்டியிருந்த காலம். திடீரென்று எஞ்சின்கள், நிறுத்திய பிறகும் பேசத் தொடங்கின. முதலில் மரியாதையாகத்தான் பேசின. பிறகு ஒரு நாள், கரையில் யார் எங்கே போகிறார்கள் என்ற தகவலையெல்லாம் தாங்கள் பிளக் வழியாகக் கடற்படைக்கு அனுப்பிக்கொண்டிருப்பதாகப் பதினைந்து குதிரைவலு எஞ்சின் ஒன்று என்னிடம் ஒப்புக்கொண்டது. நான் சும்மா இருப்பேனா? பதினொரு வள்ளங்களின் பிளக்குகளைக் கழற்றிக் கடற்கரை மணலில் புதைத்து ஊரைக் காப்பாற்றினேன். அன்றைக்கு ஊரில் மீன் இல்லை. காப்பாற்றப்பட்ட ஊர் முழுவதும் என் வாசலில் வந்து நின்று, நன்றி என்ற சொல்லைத் தவிர மற்ற எல்லாச் சொற்களையும் சொன்னது. மனைவி என்னைக் கையில் பிடித்து ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஒன்பது பிளக்குகள் கிடைத்தன. மற்ற இரண்டும் இன்னும் மணலுக்குள்தான். இப்போதும் கரையில் யாருடைய பிளக்காவது காணாமற்போனால் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நானும் மரியாதைக்குக் காலால் கொஞ்சம் மணலைக் கிளறிப் பார்ப்பேன்.

அன்று தொடங்கிய மருந்துக் குளிசை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, இருபத்தொரு வருடமாக. முதல் சில வருடங்கள் மனைவியே கையில் தந்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பாள். பிறகு நம்பிக்கை வந்து, நானே எடுக்கும் உரிமை கிடைத்தது. குரல்கள் போய்விட்டன. போகும்போது அவை வெறுங்கையோடு போகவில்லை. முதலில் என் இடுப்பைக் கொண்டுபோயின. பிறகு சீனி வருத்தம் வந்து, தேத்தண்ணியிலிருந்த சீனி போனது. கடைசி மூன்று வருடங்களில் கை நடுங்கத் தொடங்கியது. சும்மா இருக்கும்போது வாய் தன்பாட்டில் எதையோ மெல்லும்.

"அப்பா, தனியத் தின்னாதேங்கோ. எனக்கும் தாங்கோ" என்பாள் மகள். பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு. பகிடி என்னிடமிருந்து அவளுக்குப் போயிருந்தது, கெட்டித்தனம் தாயிடமிருந்து.

வாய் மெல்லுவதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கை வேறு விஷயம். எஞ்சினுக்கு எண்ணெய் போகும் வழியில் ஒரு பித்தளைத் துண்டு இருக்கிறது, நெல்மணி அளவு. ஒரு நாள், நாலைந்து வள்ளங்களுக்குச் சொந்தக்காரனான ஒரு சம்மாட்டி பார்த்துக்கொண்டிருக்க, அது என் விரலிலிருந்து துள்ளி மணலில் விழுந்தது. இருவரும் அரை மணித்தியாலம் குனிந்து தேடினோம். அவன் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"அண்ணை, உங்கட கைக்குள்ளயும் ஒரு எஞ்சின் ஓடுது. முதல் அதை நிப்பாட்டிப்போட்டு என்ரயைப் பாருங்கோ."

எல்லோரையும்விட நான்தான் கூடச் சிரித்தேன். வீட்டுக்குப் போய் யோசித்தேன். டொக்டரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவ குளிசையின் அளவை மாற்றுவா. மாற்றினால் பழைய எஞ்சின்கள் கதைக்கத் தொடங்குமோ என்று பயம். ஆகவே, அளவை மாற்றப் பயந்த நான், முழுவதுமாக நிறுத்துவது என்று முடிவெடுத்தேன். இதற்கு நோயைக் குற்றம் சொல்லாதீர்கள். இது பிறவிக்குணம்.

நல்ல நாளும் தானாகவே வந்தது. தவக்காலம். எங்கள் வீட்டில் விபூதிப் புதன் அன்று இரவுச் சாப்பாட்டு மேசையில் ஒவ்வொருவரும், உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் தான் எதை விடப்போகிறேன் என்று சொல்லவேண்டும். கோயிலிலிருந்து மட்டைப் பெட்டியில் செய்த சின்ன உண்டியல் ஆளுக்கொன்று தருவார்கள். எதை விடுகிறோமோ அதற்குப் போகும் காசை அதில் போட்டுக் குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் கொடுக்கவேண்டும். மனைவி இறைச்சியை விட்டாள். மகள் போனில் படம் பார்ப்பதை விட்டாள், அதுவும் பின்னேரத்தில் மட்டும். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

என்னிடம் விடுவதற்கு என்ன இருந்தது? சாராயம் இருபத்தொரு வருடத்துக்கு முன்பே போனது. சிகரெட் அதற்குப் பின்னால் போனது. சீனி போனது. 

"நான் சொல்லாமல் ஒண்டை விடுறன்" என்றேன். "வெளிய சொன்னா ஒறுத்தல் பலிக்காது."

"பகிடியை விடுங்கோ. எங்களுக்கும் புண்ணியம்" என்றாள் மனைவி.

விட்ட பொருளை உண்டியலில் போடவேண்டும் என்பது முறை. நான் முறை தவறாதவன். அன்றிரவு குளிசையை வாயருகே கொண்டுபோய், தண்ணீரைக் குடித்து, குளிசையைச் சுருபங்கள் வைத்திருக்கும் தட்டிலிருந்த என் உண்டியலுக்குள் போட்டேன். ஆசுபத்திரியில் குளிசைகளைக் கடதாசி உறையில் உதிரியாகத்தான் தருவார்கள். அந்த உண்டியலின் வாயும் அதற்கென்றே வெட்டியது போல இருந்தது. மாதா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தா. நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன்.

முதல் இரண்டு கிழமையும் நான் ராசா. காலையில் குளிசை மயக்கம் இல்லை. கை நடுக்கம் குறைவது போலத் தெரிந்தது. நெல்மணித் துண்டை மேலே எறிந்து பிடித்துக் காட்டினேன். அந்த நாட்களில்கூட, மண்ணெண்ணெயில் ஒயில் கலக்காமல் எஞ்சின் ஓட்டி வந்த ஒரு பொடியனை நான் பிடித்து ஏசினேன் என்பதை இங்கே எழுதிவைக்கவேண்டும். "ஓடுதுதானே எண்டு ஒயிலை நிப்பாட்டினா, அது கரையில ஒண்டும் சொல்லாது, ராசா. நடுக்கடலிலதான் சொல்லும்!" இதை நான் வருடக்கணக்காக எல்லோருக்கும் சத்தமாகச் சொல்லிவருகிறேன். வேலிக்குப் பின்னால் இருக்கும் மனைவிக்கும் கேட்கும்.

மூன்றாம் கிழமை நித்திரை என்னை விட்டுவிட்டது. அதை நான் விடவில்லை, அதுவாகப் போனது. நித்திரையில்லாதவனுக்குப் பயம் நல்ல துணை. மேசை விசிறி கரகரத்தால் நின்று கேட்பேன். குழாயில் தண்ணீர் சொட்டினால் அது சொல்லாகிவிடுமோ என்று பார்ப்பேன். 

அப்படியொரு மத்தியானம் ஒருவன் எஞ்சினைக் கொண்டுவந்து மரச் சட்டத்தில் ஏற்றிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனான். கராஜில் நானும் எஞ்சினும்தான். எஞ்சின் ஓடவில்லை, மூடியும் பூட்டியிருக்கிறது. உள்ளேயிருந்து ஒரு சின்னப் பெண்பிள்ளையின் குரல்:

"அப்பா, எடுங்கோ. அப்பா, எடுங்கோ."

எனக்கு ஒரே மகள், அவள் பள்ளிக்கூடத்தில். "அப்பா, எடுங்கோ" என்று மறுபடி. இருபத்தொரு வருடத்துக்குப் பிறகு வந்திருக்கிறது, பகைக்கக் கூடாது என்று நினைத்து, முழந்தாளில் இருந்து, தாழ்மையாகக் கேட்டேன்: "எதையம்மா எடுக்க?"

பின்னால் செருப்புச் சத்தம்.

"அண்ணை, என்ர போனைக் கண்டனியளோ? மூடிக்குள்ள வைச்சிட்டன் போல… என்னண்ணை, செபம் சொல்லித்தான் திருத்துறனியளோ?"

"தவக்காலமெல்லே" என்றேன், எழும்பி முழங்காலைத் தட்டிக்கொண்டு.

அவன் மூடியைத் திறந்து போனை எடுத்தான். அவனுடைய ஐந்து வயது மகள், அழைப்பு வந்தால் ஒலிப்பதற்காகத் தன் குரலைப் பதிந்து வைத்திருந்தாளாம். அவன் போனபிறகு, தனியே இருந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். எனக்கு ஒன்றுமில்லை! காது கேட்டது உண்மைச் சத்தம்! அந்தச் சந்தோஷத்தில் அன்று மாலையே கடதாசி உறையைக் கவிழ்த்து, மிச்சமிருந்த குளிசைகள் எல்லாவற்றையும் ஒரேயடியாக உண்டியலுக்குள் கொட்டினேன். கிளினிக் நாளுக்கும் போகவில்லை.

இருந்தாலும் நான் பொறுப்பான ஆள். காவலுக்கு ஒரு ஏற்பாடு செய்தேன். மன்னார் ரவுணில் கழுதைகள் எங்கும் திரியும். அதில் ஒன்று என் கராஜ் நிழலில் நின்று மட்டைப் பெட்டிகளைத் தின்னும். எந்தச் சத்தம் வந்தாலும் அதன் காது அந்தப் பக்கம் திரும்பும். உடம்பு அசையாது, காது மட்டும். ஆகவே எனக்கு ஏதாவது கேட்டால் உடனே கழுதையைப் பார்ப்பேன். காது திரும்பினால் சத்தம் உண்மை. திரும்பாவிட்டால்… அந்த இடத்தில் யோசிப்பதை நிறுத்திக்கொள்வேன். கழுதைக்கு இதற்காகப் பழைய பெட்டிகள் சேர்த்து வைத்தேன். ஆலோசனைக்கு இவ்வளவு மலிவான ஆள் உலகில் வேறு கிடையாது.

குருத்தோலை ஞாயிறு. பூசை முடிந்ததும் நேரே கராஜுக்கு வந்துவிட்டேன். திங்கட்கிழமை விடியக் கடலுக்குப் போகவேண்டிய எஞ்சின் ஒன்று காத்திருந்தது. கழுதை யாரோ தவறவிட்ட குருத்தோலை ஒன்றை மென்றுகொண்டு நின்றது. ஆண்டவரை முதுகில் சுமந்த புண்ணியத்தில், வருடத்தில் அதற்கு மரியாதை கிடைக்கும் ஒரே நாள். நான் அதற்குத் தோத்திரம் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

"பிளக்கைக் கழற்று."

கோபமான குரல் அல்ல. பக்கத்து வீட்டுக்காரன் மணி கேட்பது போல. நான் கழுதையைப் பார்த்தேன். அது ஓலையை மென்றது.

"பிளக்கைக் கழற்று."

கழுதையின் காதிலிருந்த ஈ பறந்தது. காது அசையவில்லை.

நான் குனிந்து பார்த்தேன். ஸ்பனர் என் கையில் இருந்தது. பிளக் ஏற்கனவே பாதி கழன்றிருந்தது. என் கை நடுங்கவேயில்லை. இத்தனை நாளும் எந்தக் கைக்காக ஆசைப்பட்டேனோ அந்தக் கை, கல்லுப்போல, நான் சொல்லாத வேலையைச் செய்துகொண்டிருந்தது.

ஸ்பனரைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினேன். சுருபத் தட்டில் மாதா இருந்தா. உண்டியல் இல்லை.

"என்ர உண்டியல் எங்க?"

"பூசைக்குப் பிறகு குடுத்திட்டன்" என்றாள் மனைவி குசினியிலிருந்து. "உங்கட பெட்டி பாரமே இல்லை, எனக்கு வெட்கமாப் போச்சு. ரெண்டு குத்திக் காசு போட்டுத்தான் குடுத்தனான். நீங்கள் அப்பிடி என்னத்தை விட்டனியள்? … இஞ்சேருங்கோ, எங்க ஓடுறியள்?"

கோயிலுக்குச் சைக்கிளில் ஐந்து நிமிடம். நான் மூன்றில் போனேன். பூசை உடுப்புகள் வைக்கும் அறை திறந்து கிடந்தது. மேசையில் உண்டியல்கள், எல்லாம் ஒரே மட்டை, ஒரே நிறம், ஒரே படம். யார் எவ்வளவு போட்டார் என்று தெரியக்கூடாது என்பதற்காக யாரும் பெயர் எழுதுவதில்லை. நல்ல வழக்கம்தான். நூற்றைம்பது இருக்கும்.

என்னிடம் இருந்தது காது மட்டும். அதை நம்பலாமா என்றுதான் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முதல் உண்டியலை எடுத்துக் காதோடு வைத்து ஆட்டினேன். குத்திகள். இரண்டாவது, குத்திகள். மூன்றாவதில் தாள். இருபது, முப்பது என்று ஆட்டிக்கொண்டு போனேன். நடுவில் அந்தக் குரல் ஒருமுறை வந்தது. "இப்ப வேலை, பிறகு வா" என்றேன் வாய்விட்டு.

"ஆரோட கதைக்கிறியள்?"

கண்ணைத் திறந்தால், வாசலில் பாதர். இளம் பாதர், வந்து ஒரு வருடம் ஆகவில்லை. காதில் உண்டியலோடு நிற்கும் ஒருவனைப் பார்த்தால் யாருக்கும் ஒன்றுதான் தோன்றும். அவருக்கும் தோன்றியது.

"வீட்டில ஏதும் கஷ்டமெண்டா என்னட்டக் கேட்டிருக்கலாமே."

"காசு இல்லை, பாதர். குளிசை."

"என்ன குளிசை?"

சொன்னேன். நின்றபடியே, உண்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, எஞ்சின், பிளக், கழுதை எல்லாவற்றையும். என் வாழ்க்கையில் அவ்வளவு முழுமையான பாவசங்கீர்த்தனம் செய்ததில்லை. பாதர் வந்த சிரிப்பை விழுங்கினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார், சிரிப்பு தானாகவே போனது.

"மருந்தை விடச்சொல்லி ஆர் கேட்டது? கடவுள் கேட்டவரோ?"

"இல்லை, பாதர். அவர் அப்பிடிக் கேட்டுக் காதில விழுந்திருந்தா நான் உடன டொக்டரிட்ட ஓடியிருப்பன்."

அவர் மேசையின் மற்றப் பக்கம் போய் ஓர் உண்டியலை எடுத்துத் தன் காதில் வைத்து ஆட்டினார்.

மனைவி வந்து சேர்ந்தபோது கண்ட காட்சி அதுதான்: கணவனும் கோயில் சுவாமியும் ஆளுக்கொரு பெட்டியைக் காதில் வைத்து ஆட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவளுடைய மனதில் என்ன ஓடியதென்று பிறகு கேட்டேன். "பரவுற வருத்தமோ எண்டு நினைச்சனான்" என்றாள்.

சரியாக அப்போதுதான் கேட்டது. இரண்டு குத்திகள் முட்டும் சத்தம், அவற்றைச் சுற்றி அரிசி உருளுவது போல மெத்தென்ற சத்தம். 

"இதுதான்!" என்று கத்தினேன். மட்டையைக் கிழித்தேன். வெள்ளைக் குளிசைகள் மேசையில் உருண்டன. காது பொய் சொல்லவில்லை! அந்த ஒரு நிமிடம் எனக்கு உயிர்ப்பு ஞாயிறு ஒரு கிழமை முந்திவிட்டது. அள்ளி ஒரு பிடியை வாயில் போடப் போனேன்.

மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். குளிசைகளைப் பார்த்தாள். எண்ணவில்லை, குவியலைப் பார்த்தாலே அவளுக்குப் போதும். அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டாள்:

"ஒயில் கலக்காமல் ஓடுற ஆக்களுக்கு நீங்கள் என்ன சொல்லுறனியள்?"

"இப்ப அதுக்கென்ன…"

"பாதருக்கு முன்னால சொல்லுங்கோ."

"ஓடுதுதானே எண்டு ஒயிலை நிப்பாட்டினா… அது கரையில ஒண்டும் சொல்லாது."

"பிறகு?"

"நடுக்கடலிலதான் சொல்லும்."

"சொல்லிட்டுதோ?"

"ஓம்" என்றேன். "ரெண்டு தரம். இஞ்ச ஒருக்கா."

அப்போதுதான் அவளுடைய கை என் மணிக்கட்டில் நடுங்கியதைக் கவனித்தேன். குளிசை எடுக்காத கை அது.

குளிசைகளை அவள் முந்தானையில் அள்ளி முடிந்தாள். அந்த இரண்டு குத்திகளையும் பாதரிடம் கொடுத்தாள். ஓட்டோ பிடித்து நேரே ஆசுபத்திரிக்குப் போனோம். உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய பெரிய கிழமை முழுவதும் நான் வார்டில். அது பகிடியாக எழுதக்கூடிய கிழமை அல்ல. ஆனால் என் பக்கத்துக் கட்டில்காரர் என்னைப் பார்த்து, "நீங்களோ பிளக் புதைச்ச ஆள்?" என்று கேட்டதை மட்டும் சொல்லிவிடுகிறேன். புகழ் அவ்வளவு தூரம் போயிருந்தது.

டொக்டர் தெற்கிலிருந்து வந்த சிங்களப் பிள்ளை. தமிழை எங்களிடமே படித்தவ, அதனால் எங்களைப் போலவே ஏசவும் தெரியும். ஆனால் ஏசவில்லை.

"ஐயா, கை நடுங்குது, வாய் ஆடுது எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் குறைப்பியள் எண்டு பயம், டொக்டர்."

"அதுக்காக நீங்களே முழுக்க நிப்பாட்டினீங்களோ?"

"ஓம்."

அவ பேனையைக் கீழே வைத்தா. "இருபத்தொரு வருசம் எடுத்த மருந்து. படியால இறங்கவேணும், ஐயா. நீங்கள் யன்னலால பாய்ஞ்சிருக்கிறீங்கள். இப்ப திரும்ப மேல ஏறுவம். குரல் அடங்கி நிக்கட்டும். பிறகு ரெண்டுபேரும் சேர்ந்து, மெல்ல மெல்ல, எவ்வளவு தூரம் இறங்கலாமெண்டு பாப்பம். கையை நீட்டுங்கோ, பாப்பம்."

நீட்டினேன். நடுங்கியது. இந்த முறை மறைக்கவில்லை.

குரல் அந்த மாதத்தில் இன்னும் சில தரம் வந்து, பிறகு வராமல் விட்டது. மற்றப்படி, அந்த வருடம் முழுவதும் மாதத்துக்கு மாதம் டொக்டர் என்னைக் கையை நீட்டச் சொல்லி, கேள்வி கேட்டு, குளிசையை ஒரு சிட்டிகை குறைப்பா. ஒருமுறை குறைத்ததும் நித்திரை குழம்பியது. சொன்னேன், பழைய அளவுக்கே போனோம். இப்போது எடுப்பது முன்பைவிடக் குறைவு. கை நெல்மணித் துண்டைப் பிடிக்கும், சில நாட்களில் இரண்டாம் முயற்சியில். வாய் இன்னும் மெல்லுகிறது. அது முழுதாகப் போகாமலும் இருக்கலாம் என்று டொக்டர் ஒளிக்காமல் சொன்னா. மனைவி மறுபடியும் இரவில் வாயைத் திறக்கச் சொல்கிறாள். நாக்கையும் தூக்கவேண்டும்.

அடுத்த விபூதிப் புதன் வந்தது. மேசையில் நான் வாயைத் திறக்குமுன் மனைவி முந்திக்கொண்டாள்.

"நீங்கள் ஒண்டும் விடத் தேவையில்லை. இருக்கிறதைப் பிடிச்சுக்கொண்டு இருங்கோ."

இல்லை, நானும் ஒன்றை விடுகிறேன் என்றேன். இம்முறை எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்: கழுதையைப் பார்ப்பதை விடுகிறேன். ஏனென்றால் அந்த வருடம் முழுவதும், குரல் இல்லாதபோதும், யார் கூப்பிட்டாலும் என் கண் முதலில் கழுதையின் காதுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அதற்கும் சலித்துப்போயிருக்கும்.

மறுநாள் மத்தியானம், எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றேன். வேலிக்குப் பின்னாலிருந்து குரல்: "சாப்பிட வாங்கோ!"

கழுதை இரண்டடி தூரத்தில் நின்றது. கழுத்து தானாகத் திரும்பப் போனது. பிடித்து நிறுத்தினேன். "வாறன்!" என்று கத்திவிட்டு, கையைக் கழுவி, விசிலடித்துக்கொண்டு குசினிக்குள் போனேன். மனைவி அடுப்பிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள்.

"என்ன, இப்ப வந்து நிக்கிறியள்? கறி இன்னும் கொதிக்கேல்லை."

"நீ கூப்பிட்டனியெல்லே?"

"நான் கூப்பிடேல்லையே."

விசில் நின்றது. அவள் அகப்பையோடு அப்படியே நின்றாள். நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள், இருபத்திரண்டு வருடங்களும் அந்த இடைவெளிக்குள் நின்றன. 

கதவுக்குப் பின்னால் யாரோ மூக்கால் சிரித்தார்கள். மகள், பள்ளிக்கூடம் அரை நாளோடு விட்டு வந்தவள், சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான்தானப்பா! அம்மா மாதிரிக் கூப்பிட்டுப் பாத்தனான், கழுதையைப் பாக்கிறியளோ எண்டு!"

மனைவி அகப்பையை ஓங்கிக்கொண்டு அவளைத் துரத்தினாள். வீட்டைச் சுற்றி இரண்டு சுற்று. நான் கதிரையில் இருந்து, வாய் தன்பாட்டில் மெல்ல, என் நெஞ்சு எப்போது பழைய ஓட்டத்துக்கு வருமென்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். வந்தது. மகள் மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்து என் பின்னால் ஒளிந்தாள்.

"என்னப்பா, இன்னும் சாப்பாடு போடேல்லை. அதுக்குள்ள என்னத்தைத் தனியத் தின்னுறியள்?"